மதினிக்கு நான் விதித்த மௌனம்

நீல உறை போட்ட அந்தக் கொப்பியின் இடப்பக்கத்தில் ஆங்கிலச் சொற்கள் இருக்கும், வலப்பக்கத்தில் என் தமிழ் விளக்கங்கள். முதல் மொழி, இரண்டாம் மொழி, மொழிக் கலப்பு, மொழித் தலையீடு. புத்தளத்தில் ஆங்கில ஆசிரியை வேலை கிடைத்து, சனிக்கிழமைகளில் கொழும்புக்குப் போய் டிப்ளோமா படித்துக்கொண்டிருந்த காலம். 'இன்டர்ஃபியரன்ஸ்' என்று ஒரு தடவை சொல்லிவிட்டால் எனக்கே நான் பெரிய ஆளாகத் தெரிவேன். குறைகுடம் கூத்தாடும் என்பது என்னைப் பார்த்துத்தான் சொன்னது.

மதினி, என் மூத்த சகோதரர் நானாவின் மனைவி, சிலாபத்தில் சிங்கள அயலுக்குள் வளர்ந்து சிங்கள மீடியத்தில் படித்தவர். தொண்ணூறில் மன்னாரிலிருந்து இடம்பெயர்ந்து புத்தளத்தில் காலூன்றிய எங்கள் வீட்டுக்கு மருமகளாக வந்தார். எங்களோடு தமிழ்தான். மகளோடு என்றால் சிங்களம் தானாக வந்துவிடும். கிணற்றடியில் குளிப்பாட்டும்போது "மகே ரத்தரன்", என் தங்கமே, என்று கொஞ்சத் தொடங்கினால் தலை துடைத்து முடியும்வரை நிறுத்தமாட்டார். காகம், முருங்கை, பக்கத்து வீட்டு ஆடு என்று தாய்க்கும் மகளுக்கும் கதைக்க ஆயிரம் இருக்கும்.

மகளுக்கு நான்கு வயது. தமிழ்ப் பாலர் பாடசாலையில் சேர்த்து இரண்டு மாதமாகியும் அங்கே வாய் திறக்கவில்லை. "ஊமைப் புள்ளயா?" என்று யாரோ கேட்டுவிட்டார்கள். மதினி அழுதுகொண்டு வந்தார். நான் கொப்பியைத் திறந்து, இரண்டு மொழியும் ஒன்றையொன்று இடிக்கிறது, இனி வீட்டில் தமிழ் மட்டும்தான் என்று தீர்ப்புச் சொன்னேன்.

"படிச்ச நீங்க செல்லுறீங்க மச்சி, செரியாத்தான் ஈக்கும்" என்றார்.

சொன்ன சொல்லை அவர் மீறவே இல்லை. கிணற்றடியில் வாளிச் சத்தம் மட்டும் கேட்டது. "கையத் தூக்கு, கண்ண மூடு" என்பதற்கு மேல் மகளோடு கொஞ்சிக் கதைக்க அவருக்குத் தமிழ் வரவில்லை. பிள்ளை வீட்டிலும் பேச்சைக் குறைத்தாள். தொடக்கத்தில் அப்படித்தான் இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

சில வாரங்களின் பின் விரிவுரையில் 'சைலன்ட் பீரியட்' என்ற சொல் வந்தது. புது மொழிக்குள் போகும் பிள்ளைகள் சிலர் முதலில் வெறுமனே கேட்டுக்கொண்டிருப்பார்கள், அது குழப்பமல்ல, தாய் தன் மொழியை நிறுத்தவே கூடாது என்றார் விரிவுரையாளர். நான் கொப்பியை மூடிவைத்தேன். புத்தளம் பஸ்ஸில் வழி நெடுக வெட்கமாக இருந்தது.

இன்று பாலர் பாடசாலை ஆசிரியைகளுக்கு நான் பயிற்சி கொடுக்கிறேன். அந்தப் பிள்ளை மூன்று மொழியிலும் என்னை மடக்குகிறாள். இருமொழி பற்றி எந்த மேடையிலும் தயங்காமல் பேசுவேன். ஆனால் முதல் வகுப்பில் நான் சொற்பட்டியல் கொடுப்பதில்லை. பஸ்ஸால் இறங்கி வீட்டுக்கு வந்த அன்று நடந்ததைச் சொல்லுவேன்.

மதினி குசினியில் தேங்காய் திருவிக்கொண்டிருந்தார்.

"நான் பிழையாச் செல்லிட்டன் மதினி" என்றேன்.

ஏசுவார் என்று காத்து நின்றேன். அவர் திருவுவதை நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"அப்ப, இனி நான் என்ட புள்ளயோட கதைக்கலாமா மச்சி?"