கேமராவில் விழுந்த பிறை

2006 செப்டம்பர் 23, சனிக்கிழமை. மாலை 3.40க்கு ஆனையூரில் நகரப் பேருந்து ஏறினேன். பெரியார் நிலையத்துக்குக் கட்டணம் மூன்றரை ரூபாய். மடியில் கேமராப் பை, முழங்கால்களுக்கு நடுவே முக்காலி. நடத்துநர் சீட்டைக் கிழித்தபடி, “என்னண்ணே, கல்யாண வீடா?” என்றார்.

“இல்லப்பா. நிலாவப் படம் எடுக்கத் திருப்பரங்குன்றம் தாண்டிப் போறேன்.”

“அதுக்குத் திருப்பரங்குன்றம் பக்கமா போகணும்? உங்க ஊர் மொட்ட மாடில வராதா நிலா?”

நியாயமான கேள்வி. மொட்டை மாடியில்தான் தொடங்கினேன். ஜூலையில் பன்னிரண்டு மடங்கு உருப்பெருக்கும் டிஜிட்டல் கேமரா ஒன்று வாங்கியதும், முதல் பௌர்ணமியைத் தானியங்கி முறையிலேயே எடுத்தேன். திரையில் வெள்ளையாக ஓர் உருண்டை. என் மனைவி பார்த்துவிட்டு, “இட்லிய எதுக்குப் படம் புடிச்சீக?” என்று கேட்டாள். கேமரா, சுற்றியுள்ள இருட்டைப் பார்த்து வெளிச்சம் போதவில்லை என்று எண்ணிக்கொள்கிறது. நிலவோ வெயில் படும் பாறை. அளவுகளை நாமே கையால் வைக்க வேண்டும் என்று புரிய இரண்டு வாரமாயிற்று. பொத்தானை விரலால் அழுத்தினால் படம் ஆடும், இரண்டு நொடி கழித்துத் தானே எடுக்கும்படி வைக்க வேண்டும் என்று புரிய இன்னும் ஒரு வாரம்.

ஆனால் இன்று தேடிப் போவது முழுநிலவை அல்ல, பிறையை. தேடுவதும் எனக்காக அல்ல.

4.20க்குத் தெற்கு வாசலில் சிக்கந்தரின் மூக்குக் கண்ணாடிக் கடையை அடைந்தேன். பதினோரு ஆண்டுகளாக என் கண்ணாடிகள் எல்லாம் அங்கே செய்தவை. அச்சகத்தில் பிழை திருத்துகிறவனுக்குக் கண்ணாடிக்காரர் நண்பராவது இயல்புதான். அன்று, ரம்ஜானுக்கு முந்திய ஷஅபான் மாதத்தின் இருபத்தொன்பதாம் நாள். மாலையில் பிறை தெரிந்தால் மறுநாள் முதல் நோன்பு. தெரியாவிட்டால் முப்பதாம் நாளையும் நிறைவு செய்து, அதற்கடுத்த நாள் முதல் நோன்பு.

சில ஆண்டுகளுக்கு முன் ரம்ஜான் முடியும் தறுவாயில், பிறையைப் பார்த்ததாகச் சிக்கந்தரும் அவருடைய உறவினர் ஒருவரும் பள்ளிவாசலில் சொன்னார்கள். அந்தச் சொல்லை நம்பி அவர்கள் தெரு மறுநாள் பெருநாள் கொண்டாடியது. பெருநாளன்று மாலை தெரிந்த பிறை இரண்டாம் நாள் பிறையைப் போல இல்லை, மிக மெலிந்திருந்தது; பெருநாள் ஒரு நாள் முந்திவிட்டதோ என்ற சந்தேகம் வந்தது. யாரும் கடிந்துகொள்ளவில்லை. கேலி மட்டும் மிஞ்சியது. இளவட்டங்கள் கடைப் பக்கம் வந்தால், “பெறை பாய், மொதல்ல உங்களுக்கு ஒரு கண்ணாடி போடுங்க” என்பார்கள். அவரும் சிரிப்பார். உடன் சாட்சி சொன்ன உறவினர் இறந்துவிட்டார். அதன்பின் கேட்பதற்கு ஆளில்லாமல், சிக்கந்தர் ஒருநாள் என்னிடம் கேட்டார்: “அன்னிக்கி நான் பாத்தது பெறையா, ஆசையாண்ணே?”

என் கேமராவைப் பற்றிக் கேள்விப்பட்டதும் அவர் வைத்த ஒரே வேண்டுகோள், இந்த மாலை உடன் வர வேண்டும் என்பது.

4.35க்கு அவருடைய மொபெட்டில் கிளம்பினோம். பழங்காநத்தம், திருப்பரங்குன்றம், திருநகர் வழியாகக் கப்பலூர் ஏறத்தாழ பதினான்கு கிலோமீட்டர். தொழிற்பேட்டை முகப்பில் தேநீர் குடித்தோம். மூன்று ரூபாய். அங்கிருந்து மேற்கே இரண்டு கிலோமீட்டர் மண் பாதை. 5.45க்கு ஒரு கண்மாய்க் கரையில் ஏறி நின்றோம். கண்மாயில் நீரில்லை. மேற்கே கட்டடமோ மின்கம்பமோ இல்லாத வெளி. ஓர் ஒற்றைப் பனை. அடிவானத்தில் வெளிறிய மூட்டம்.

முந்திய நாள் மாலை ஐந்தேகாலுக்கு நிலவும் சூரியனும் ஒரே திசையில் கூடியிருந்தன; அமாவாசைக் கணம் அது. ஆக, பிறையின் வயது இருபத்தைந்து மணி நேரம். வெறுங்கண்ணுக்குத் தெரியலாம், தெரியாமலும் போகலாம் என்ற வயது. பகலும் இரவும் சமமாகும் நாள் அது. சூரியன் சரி மேற்கில் இறங்கும். கையை நீட்டிப் பிடித்தால், மறைந்த இடத்திலிருந்து இடப்புறம் மூன்று விரல் அகலம், மேலே மூன்று விரல் அகலம். அங்கேதான் தேட வேண்டும் என்று கணக்கிட்டு வைத்திருந்தேன். தொழிற்பேட்டையின் தொலைதூர விளக்கொன்றில் குவியத்தைச் சரிசெய்து அப்படியே பூட்டினேன்.

6.13க்குச் சூரியன் மறைந்தது. சிக்கந்தர் துண்டை விரித்துத் தொழுதார். அவர் முகம் ஏறத்தாழ நாங்கள் தேடிய வானத்தை நோக்கியே இருந்தது. பார்வை மட்டும் தரையைவிட்டு எழவில்லை. அந்நேரம் கரையோரம் ஆடு ஓட்டி வந்த ஒருவர் தொழுகை முடியும்வரை ஆடுகளை மறித்து நிறுத்திக்கொண்டார். பிறகு என்னிடம், “சூரியன்தான் போயிருச்சே, இன்னும் என்னத்தண்ணே புடிக்கிறீக?” என்றார். சொன்னேன். அவரும் கம்பை ஊன்றி நின்றுவிட்டார்.

6.24, 6.27. வெற்று வானம். 6.31க்கு எடுத்த படத்தைத் திரையில் பெரிதாக்கினேன். பனைக்கு மேலே, மூட்டத்துக்குள், நகக்கீறல் போல ஒரு கோடு. தூசியாக இருக்குமோ என்று கேமராவைச் சற்றே திருப்பி மறுபடி எடுத்தேன். படத்தில் கோடு இடம் மாறியது, பனையும் கூடவே மாறியது. தூசியானால் இருந்த இடத்திலேயே இருந்திருக்கும். பிறைதான். திரையை இருவருக்கும் காட்டினேன்.

“எங்கண்ணே? எங்க?”

“அந்தப் பனைக்கு நேர் மேல. ஒன்றரைப் பன உசரம்.”

சிக்கந்தர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார். நானும் பார்த்தேன். ஆட்டுக்காரரும் பார்த்தார். எங்கள் மூவருக்கும் அங்கே ஒன்றும் தெரியவில்லை. மூன்றாவது படம் 6.34க்கு. அதிலும் இருந்தது.

“அதான் பொட்டிக்குள்ள இருக்குல்ல பாய்,” என்றார் ஆட்டுக்காரர். “பாத்துட்டேன்னு போய்ச் சொல்லுங்க. அதுல என்ன பொய்யி?”

நானும் அதையேதான் நினைத்தேன். அது எனக்கு உருப்படியாக விழுந்த முதல் வானப் படம். நாலு பேர் அதைப் பார்க்க வேண்டும் என்ற ஆசை எனக்கு இருந்தது. “மூணு படம் இருக்கு சிக்கந்தர். நேரம் இருக்கு, திசை இருக்கு. இதவிட என்ன சாட்சி வேணும்?” என்றேன்.

“படம் உறுதிதாண்ணே. ஆனா படத்தப் பாத்தியான்னு பள்ளிவாசல்ல அஜரத்து கேக்க மாட்டாக. பெறையப் பாத்தியான்னு கேப்பாக.”

மறுபடி வானத்தைப் பார்த்தார். 6.38. சட்டென்று அவர் கை உயர்ந்தது. “இருக்கு!” என்றார். கை அப்படியே நின்றது. கண்களை இறுக மூடி, திறந்தார். மீண்டும் மூடினார். பிறகு கையை மெல்லத் தாழ்த்தினார்.

“என்ன?”

“இந்தப் படத்தப் பாத்த கண்ணுண்ணே இது. இனிமே எங்க பாத்தாலும் அந்தக் கோடு தெரியும். அன்னிக்கும் இப்படித்தான் தெரிஞ்சுச்சு.” துண்டை உதறித் தோளில் போட்டார். “எம்புட்டுப் பேரு நாளைக்கி விடியுமுன்ன சஹர் சாப்பாட்டுக்கு எந்திரிக்கப் போறாக, எஞ் சொல்ல நம்பி.”

6.47க்குப் பிறை அடிவானத்தில் இறங்கியிருக்க வேண்டும். மூட்டத்தைத் தவிர வேறெதுவும் கண்ணில் படவில்லை. ஆட்டுக்காரர், “வாரேன் பாய்,” என்று சொல்லிவிட்டு ஆடுகளைத் திருப்பினார். நான் முக்காலியை மடக்கினேன், சிக்கந்தர் மொபெட்டைக் கிளப்பினார்.

7.35க்குத் தெருப் பள்ளிவாசல். முகப்பில் முப்பது பேருக்குக் குறையாமல் காத்திருந்தார்கள். நான் படியருகே நின்றேன். இமாமை அவர்கள் அஜரத் என்று அழைப்பார்கள். வயதான மனிதர். “பெறையப் பாத்தியா சிக்கந்தர்?” என்றார்.

கூட்டத்தில் யாரோ மெல்லச் சிரித்தார்கள். சிக்கந்தர் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

“இல்ல அஜரத். கேமராவுல விழுந்துச்சு. எங் கண்ணு பாக்கல.”

இமாம் கேமராவைக் கேட்டு வாங்கினார். கண்ணருகே கொண்டுபோய், தள்ளிப் பிடித்து, நெடுநேரம் பார்த்தார். “சுபுஹானல்லாஹ்,” என்று வியந்தார். இரண்டு கையாலும் என்னிடம் திருப்பித் தந்தார். பிறகு கூட்டத்தைப் பார்த்து, “வேற யாராச்சும் கண்ணால பாத்தீகளா?” என்று கேட்டார். பதில் வரவில்லை. அந்தப் பள்ளிவாசலுக்கு வேறு சாட்சி எதுவும் வந்து சேரவில்லை. முப்பதை நிறைவு செய்வது என்று முடிவாயிற்று. கூட்டம் கலைந்தபோது சிரித்தவர் யாரென்று எனக்குத் தெரியவில்லை. சிக்கந்தரைத் தொட்டுவிட்டுப் போன கைகள் மட்டும் தெரிந்தன.

கடைசிப் பேருந்துக்கு முந்தியதில் ஆனையூர் திரும்பினேன். குறிப்பேட்டில் எழுதினேன்: “கப்பலூர்க் கண்மாய். 6.31, 6.34. கேமரா கண்டது. நாங்கள் காணவில்லை.” அச்சகத்தில் நாள் முழுக்க மற்றவர்களின் பிழைகளைத் திருத்துகிறேன். என் கண் ஓரிடத்தில் எதை எதிர்பார்க்கிறதோ, அதையே அங்கே எழுத்தாக வாசித்துவிடும் என்பதை நன்றாக அறிவேன். இருந்தும் கரையில் நின்றபோது அது எனக்குத் தோன்றவில்லை. அவருக்குத் தோன்றியது.

மறுநாள் ஞாயிறு, மாலை 6.30. ஆனையூர் மொட்டை மாடி. இங்கே பிறைக்குச் சாட்சி கேட்பார் யாருமில்லை. துணி எடுக்க வந்த பக்கத்து வீட்டம்மா போகிற போக்கில் நிமிர்ந்து பார்த்துவிட்டு இறங்கினார். கூர்மையாக, தெளிவாக, யாரும் காட்டித் தர வேண்டாத உயரத்தில் நின்றது பிறை. முக்காலியை நான் இன்னும் விரிக்கவில்லை. சட்டைப் பையில் கைப்பேசி ஒலித்தது.

“பாத்துட்டேண்ணே,” என்றார் சிக்கந்தர். “மூணு வாட்டி கண்ண மூடித் தொறந்தேன். அங்கனயே இருந்துச்சு.”