இருபத்தேழு எலும்பும் ஒரு மண்டையும்

எங்கள் அடுக்ககத்தின் மொட்டை மாடியில் சனிக்கிழமை காலைகளில் தற்காப்பு வகுப்பு நடக்கிறது. பதினான்கு பெண்கள், மூன்று ஆண்கள். பயிற்சியாளர் ‘ஒன், டூ’ என்று கத்த, பதினேழு பேரும் காற்றைக் குத்துகிறார்கள். நான் காபியை ஆற்றியபடி எண்ணுகிறேன். போன வாரம் நிமிடத்துக்கு முப்பத்திரண்டு குத்து. காற்றுக்கு ஒன்றும் ஆனதாகத் தெரியவில்லை.

குத்துவது நல்ல தற்காப்பா என்று யாராவது கேட்டால் சொல்வேன். யாரும் கேட்பதில்லை, ஆகவே உங்களிடம் சொல்கிறேன். நான் ஆயுளில் விட்ட குத்து மொத்தம் ஒன்று. அதற்குச் சாட்சி என் வலது கை. சுண்டுவிரல் முட்டி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பள்ளம்தான் இருக்கிறது. குளிர் வருவது முதலில் அதற்குத்தான் தெரியும். பெங்களூர் காக்ஸ் டவுனில் இந்த வருடம் குளிர் ஒன்பது நாள் முன்னதாகவே வந்துவிட்டது. இதையும் யாரும் கவனிக்கவில்லை.

மாடியில் தொங்கும் குத்துமூட்டையின் வாடை படியிறங்கி வரும்போதெல்லாம் எனக்கு வேறொரு மூட்டை நினைவுக்கு வரும். அது கோணிச்சாக்கு, உள்ளே மரத்தூள். மாதாகோயில் பின்புறக் கொட்டகையில், பட்டாளத்திலிருந்து ஓய்வுபெற்ற சார்ஜென்ட் ஐயா ஒருவர் அதைத் தொங்கவிட்டுக் குத்துச்சண்டை சொல்லிக்கொடுத்தார். அது அறுபத்தொன்றாம் வருடம். எனக்கு இருபத்தொரு வயது.

அப்போது நான் ஓர் அலுவலகத்தில் தற்காலிகத் தட்டச்சர். நிமிடத்துக்கு நாற்பது சொல் அடித்துத் தேர்வில் தேறினால் நிரந்தரம். தவறினால் கோலார் தங்கவயலுக்குத் திரும்பி, அப்பா சுரங்கத்தில் இறங்கும் அதே கூண்டில் நானும் இறங்க வேண்டும். அப்பா காலையில் முகம் கழுவி முடிப்பதற்குள் எத்தனை முறை இருமுவார் என்று எண்ணியிருக்கிறேன். நாற்பதுக்குக் குறைந்ததே இல்லை. பத்து விரலையும் பஞ்சில் பொதிந்து வைக்க வேண்டிய நிலையில் இருந்த நான் அவற்றைக் கொண்டுபோய் மரத்தூள் மூட்டையில் மோதிக்கொண்டிருந்தேன்.

வகுப்பில் பதினோரு பேர். பதினோரு பேரும் குமாஸ்தாக்கள். எங்களை அடிக்க யார் காத்திருந்தார்கள் என்பது இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. சேரும் முன் நான் யாருக்கும் பயந்ததில்லை. சேர்ந்த பிறகு எதிரே வருபவர்களை எண்ணத் தொடங்கினேன். மீசைக்காரர்களைத் தனியாக எண்ணினேன். பின்னாலிருந்து எவன் கை வைத்தாலும் திரும்பித் தாடையில் ஒன்று போடு, யோசிக்காதே என்பது சார்ஜென்ட் ஐயாவின் நான்காவது பாடம். யோசிக்காமலிருப்பது ஒன்றுதான் எனக்குச் சுலபமாக வந்தது.

தேர்வுக்கு எட்டு நாள் இருக்கையில், ஞாயிறு மாலை ஊரிலிருந்து கன்டோன்மென்ட் ஸ்டேஷனில் வந்து இறங்கினேன். வெளியே பதினாறு ஜட்கா குதிரைவண்டிகள். அந்தக் கால வழக்கம் உங்களுக்குத் தெரியாமலிருக்கலாம். ஜட்காக்காரர்கள் ‘வருகிறீர்களா’ என்று கேட்கமாட்டார்கள். பையைப் பிடுங்கித் தங்கள் வண்டியில் போட்டுவிடுவார்கள். பை போகும் வண்டியில் நாமும் போக வேண்டியதுதான். ஒன்றரை வருடமாக என் பையும் நானும் அப்படித்தான் போய்க்கொண்டிருந்தோம். அன்று பையைப் பின்னாலிருந்து ஒரு கை இழுத்தது. நான்காவது பாடம் நினைவுக்கு வந்தது. திரும்பினேன், போட்டேன்.

தாடைக்குத்தான் குறி வைத்தேன். அதற்குள் அந்த மனிதர் பையைத் தூக்கக் குனிந்துவிட்டார். குத்து உச்சிமண்டையில் இறங்கியது. வறுக்கி ரொட்டி உடைவதுபோல ஒரு சத்தம். கையில் இருபத்தேழு எலும்பு என்று பிறகு படித்தேன். அந்த ஜட்காக்காரர் பாஷா பாயின் மண்டையில் எத்தனை என்று புத்தகம் என்ன சொன்னாலும் சரி, என் கணக்குக்கு ஒன்றுதான்.

பாஷா பாய் நிமிர்ந்து குல்லாவைச் சரிசெய்துகொண்டார். “இன்னா சாமி, தலையில ஈ உக்காந்திருந்துச்சா?”

நான் வலது கையை இடது கையால் தாங்கிக்கொண்டு குனிந்தேன். என் கையைப் பார்த்தவர் உச்சுக்கொட்டி, பையைப் போட்ட அதே வண்டியில் என்னையும் தூக்கிப் போட்டார். எலும்பு கட்டுகிறவர் வீடு வரை புல் வாடையும் உபதேசமும்.

“மூடின கையால அடிக்கக் கூடாது சாமி. விரிச்ச கையால தள்ளணும், தள்ளிட்டு ஓடணும். இருபது வருசமா குதிரையத் தள்றேன். பாருங்கோ, பத்தும் இருக்கு.”

எட்டணாவுக்கு ஒரு வாக்கியம் என்று விற்றிருந்தால் அவர் பெரிய ஆளாகியிருப்பார். மூங்கில் சிம்பும் முட்டைப்பற்றும் வைத்த கையோடு மறுநாள் சார்ஜென்ட் ஐயாவிடம் போனேன். கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“கடைசி முட்டியிலயா அடிச்ச? முதல் ரெண்டுல அடிக்கணும்னு சொன்னேனே. அப்போ பாடத்துல தப்பு இல்ல, தம்பி.”

பாடத்துக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதில் அவருக்குப் பெரிய நிம்மதி.

எனக்கு இல்லை. ஆங்கில ‘P’ எழுத்து வலது சுண்டுவிரலுக்கு உரியது. அட்டையில் தட்டச்சு விசைகளை வரைந்து, மோதிர விரலை அங்கே எட்டவைத்துப் பழகினேன். தேர்வில் கொடுத்த பத்தியில் அந்த எழுத்து நாற்பத்தாறு இடத்தில் வந்தது. வேறு எழுத்தே கிடைக்கவில்லையா அந்தப் பத்தியை எழுதிய மனுஷனுக்கு? முடிவு வந்தபோது நிமிடத்துக்கு நாற்பத்தொரு சொல். தேவைக்கு மேல் ஒன்று. அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு முப்பத்தேழு வருடம் உத்தியோகம் பார்த்தேன்.

அப்பாவிடம் படியில் விழுந்ததாகச் சொல்லியிருந்தேன். அவர் கட்டைப் பார்த்துவிட்டு, “விரல்தானேப்பா, போவுது. நெஞ்சு தப்பிச்சுதே” என்றார். பிறகு இருமினார். அன்று நான் எண்ணவில்லை.

அதன் பிறகு பாஷா பாய் என் பையைப் பிடுங்கியதே இல்லை. ஞாயிறுதோறும் இரண்டடி தள்ளி நின்று, இரு கைகளையும் விரித்துக் காட்டி, “குத்தாதீங்கோ சாமி, நீங்களே குடுங்கோ” என்பார். மற்ற பதினைந்து வண்டிக்காரர்களும் சிரிப்பார்கள். வண்டிகள் பதினாறு, ஒன்பது, நான்கு என்று குறைந்தன. ஒரு ஞாயிறு ஆட்டோக்கள் மட்டும் நின்றன. கொட்டகை இருந்த இடத்தில் இப்போது கார் நிறுத்துகிறார்கள். நான் விரல் மாற்றி ஏமாற்றிய அந்தத் தட்டச்சு இயந்திரத்தையும் எங்கோ எடைக்குப் போட்டிருப்பார்கள்.

போன மாதம் அதே ஸ்டேஷனில் இறங்கினேன். நடைமேடையிலிருந்து வெளிவாசலுக்கு இருநூற்றுப் பன்னிரண்டு அடி நடந்தேன். வாசலில் ஆட்டோ, டாக்சிக்காரர்கள் முப்பது பேருக்குக் குறையாமல் செல்போனைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பையைத் தளர்த்திப் பிடித்தபடி, வேண்டுமென்றே மெதுவாக அவர்கள் நடுவே போனேன். ஒரு கைகூட நீளவில்லை.