கண்ண மூடி ஒக்காந்தா சந்தேகம்

ஒடம்பையும் மனசையும் ஒண்ணா சரி பண்ணுற தொழிலுல எறங்குனா, மொதல்ல சனங்களோட சந்தேகத்தத்தான் சரி பண்ணணும். நீங்களும் நாலு பேருக்கு நல்லது சொல்லப் போயி வாங்கிக் கட்டிக்கிட்டவங்களாத்தான் இருப்பீங்க. அதனால ஒங்ககிட்ட மனசு விட்டுச் சொல்றேன்.

எஸ்.எஸ்.சி. பரீட்சைக்கு மூணு மாசம் இருக்கறப்ப பள்ளிக்கூடத்த விட்டவன் நான். அட்டன் டவுன்ல ஒரு மாஸ்டர்கிட்ட தண்டால், பஸ்கி, தியானம் எல்லாம் கத்துக்கிட்டு தோட்டத்துக்கு வந்தேன். எங்கப்பா கவ்வாத்துக்காரரு. தேயிலச் செடிய வெட்டி வெட்டி, பேச்சையும் வெட்டித்தான் பேசுவாரு. "ஒரு மாசம் தாரேன். பத்துப் பேரு நெலச்சா நீ வாத்தியாரு. நெலைக்கலன்னா பேரு பதிஞ்சு கவ்வாத்துக் கத்தியத் தூக்கு"ன்னுட்டாரு. கங்காணி கையில கால்ல விழுந்து, காலையில வேல பிரிக்கிற பெரட்டுக்கு ஆளுங்க கூடுற களத்துல, பெரட்டுக்கு முன்னால அர மணி நேரம் வாங்குனேன்.

குனிஞ்சு நிமிர்றது

மொத நாள் பதினொரு பேரு வந்தாங்க. பாதிப் பேரு நான் என்னதான் செய்யிறேன்னு வேவு பாக்க வந்தவங்க. "குனிஞ்சு காலத் தொடுங்க, நிமிருங்க, மூச்ச இழுங்க"ன்னேன். பீலிக்குத் தண்ணி எடுக்க வந்த மருதாயி அக்கா கொடத்த எறக்கி வச்சிட்டு வேடிக்க பாத்துச்சு. அதோட புருசன் வேலு அண்ணன் மொத வரிசையில.

"இது எதுக்கு தம்பி?"

"ஒடம்பு பலமாகும்க்கா."

அக்கா என்னைய மேலயும் கீழயும் பாத்துச்சு. "நாங்க கூடைய மாட்டிக்கிட்டு காலையில இருந்து அந்தி வரைக்கும் இந்த மலைய ஏறி எறங்குறோமே, அது என்ன தூக்கமா? ஒண்ணு செய்யி, நீ ஒரு நாளைக்கு என் கூடைய மாட்டு, நான் இங்க வந்து மூச்ச இழுக்குறேன்!"

அட்ட

மழ பேஞ்ச மறுநா. களம் ஒரே சேறு. அதனால ஓரத்துப் புல்லுல ஒக்கார வச்சு, "ஒடம்புல என்ன நடந்தாலும் கவனிக்காதீங்க, மனசு அடங்கட்டும்"னேன். யாரும் அசையல. எனக்கே பெருமையா போச்சு. மெதுவா ஒரு கண்ணத் தொறந்து பாத்தேன். வேலு அண்ணன் முட்டியில ரத்தம் ஒழுகிக்கிட்டு இருக்கு.

அண்ணன் நிதானமா சுண்ணாம்பத் தடவி அட்டைய விழ வச்சாரு. அப்புறம் என்னைய அட்டையப் பாக்குற மாதிரியே பாத்தாரு. "ஏண்டா தம்பி, எனக்கு மனசு நெறஞ்சுச்சோ இல்லியோ, இதுக்கு வயிறு நெறஞ்சிருச்சு. நீ யாரு பக்கம்?"

வீட்டுப் பாடம்

மூணாவது வாரம் மருதாயி அக்கா எங்க லயத்து வீட்டுக்கே வந்திருச்சு. கையில வெளக்குமாறு.

"ராத்திரிக்கு அரிசி இல்லன்னா கண்ண மூடுறாரு. வெறகு இல்லன்னா கண்ண மூடுறாரு. எங்கம்மா வருதுன்னு சொன்னேன், கண்ண மூடி மூச்சையும் அடக்கிட்டாரு. சாமியாராக்குறதுக்கு எதையாச்சும் மந்திரிச்சு குடுத்தியா?"

"தியானம்க்கா அது."

"சரி. அவரு கண்ணத் தொறக்குறதுக்கு ஒங்கிட்ட ஒரு பயிற்சி இருந்தா இப்பவே சொல்லு, இல்லாட்டி எங்கிட்ட ஒண்ணு இருக்கு!"

துரை வந்த காலம்பற

கெடு முடிய இன்னும் ஒரே நாளு. பதினொரு பேரும் நெலச்சிட்டாங்க. அந்தக் கொழுப்புல, "இன்னிக்கு என்ன சத்தம் கேட்டாலும் கண்ணத் தொறக்கக் கூடாது"ன்னு சொல்லிப்புட்டேன். பெரட்டுத் தப்பு அடிச்சுச்சு. ஒருத்தரும் தொறக்கல. கங்காணி வந்து கத்துனாரு. தொறக்கல. ஒரு மாசமா சொன்னதுல பாதியக் கேக்காத சனம், அன்னிக்குத்தான் மொத்தமாக் கேட்டுச்சு!

பெரட்டுக்கு வந்த மத்த சனம் பாத்துச்சு. களத்துல ஆளுங்க கையக் கட்டி ஒக்காந்திருக்கு, கங்காணி கத்துறாரு. நம்ம ஊருல அதுக்கு ஒரே அர்த்தந்தானே? ஸ்ட்ரைக்கு! கூடையக் கவுத்துப் போட்டு மொத்தத் தோட்டமும் ஒக்காந்திருச்சு. எதுக்குன்னு ஒருத்தரும் கேக்கல. தோட்டத்துத் துரை மோட்டார் சைக்கிள்ல பறந்து வந்தாரு. "தலைவன் யாரு?" எல்லாக் கையும் என்னையக் காட்டுச்சு.

"ஒனக்கு என்னா வேணும்?"

"ஒண்ணும் வேணாம் சார். சும்மாதான் ஒக்காந்திருக்கோம்."

துரை மொகம் செவந்திருச்சு. கூலி கேக்குறவன அவருக்குத் தெரியும். ஒண்ணுமே கேக்காதவன எந்தக் கணக்குல சேக்குறது? அதுக்குள்ள மருதாயி அக்கா எந்திரிச்சு, "தொரைங்களே, கொழுந்து நிறுக்குற மடுவத்துக் கூரை ஒழுகுது. தகரம் மாத்தணும்"னு ஒரே போடா போட்டுச்சு. துரை மூச்சு விட்டாரு பாருங்க, நான் சொல்லிக் குடுத்தவங்க யாரும் அவ்வளவு ஆழமா விட்டதில்ல. தகரம் மாத்துறேன்னு ஒத்துக்கிட்டாரு. மறுபடி எம்பக்கம் திரும்பி, "நாளைக்கு இவன் பேரு வேலையாளு செக்ரோல்ல இருக்கணும், இல்ல இவன் தோட்டத்துல இருக்கக் கூடாது"ன்னாரு.

மறுநா காலையில அப்பாவே என்னையக் கூட்டிட்டுப் போயி பேரு பதிஞ்சாரு. மலைக்கு ஏறுற மொடக்குல நின்னு திரும்புனாரு. "பத்துப் பேரத்தானடா நெலைக்கச் சொன்னேன், தோட்டம் முழுக்க ஏண்டா ஒக்கார வச்ச?"

இப்ப எனக்கு ஒடம்பும் கல்லு மாதிரி இருக்கு, மனசும் அமைதியாத்தான் இருக்கு, ஆனா எவனாச்சும் சும்மா ஒக்காந்திருக்கிறதப் பாத்தா எனக்கே சந்தேகம் வந்திருதுங்க.