நைனா கப்பலேறியதிலிருந்து பெருக்காத வீடு

வீட்டில் யாராவது பயணம் கிளம்பினால், போய்ச் சேர்ந்த செய்தி வரும்வரை அம்மா வீட்டைப் பெருக்க மாட்டார். நைனா நேற்று கிளம்பினார். சென்னையிலிருந்து போகும் சுற்றுலாக் கப்பலுக்குத் தங்கச்சிதான் பிடிவாதமாக அழைத்துப் போனாள். கரும்புக்குத் தண்ணீர் கட்டணும் என்று முனகிக்கொண்டேதான் பஸ் ஏறினார்.

ராத்திரி கப்பல் ஏறிவிட்டதாகத் தகவல் வந்தது. "தண்ணி மேல நிக்கறது சேர்ந்த கணக்கா?" என்றார் அம்மா.

இன்று காலை எங்கள் ஊர் ராஜகிரிக் கோட்டை மலையின் உச்சியே தெரியாமல் மேகம் இறங்கியிருந்தது. டிவியில் காற்றழுத்தத் தாழ்வு என்றார்கள். இருவருக்கும் போன் போகவில்லை. பக்கத்து வீட்டு அத்தை வந்து, "இன்னாம்மா, ஒண்ணும் தெரியலயா?" என்று துக்க வீட்டுக் குரலில் கேட்டுவிட்டுப் போனார்.

மத்தியானம் தங்கச்சி வீடியோ காலில் வந்தாள். பக்கத்தில், வேட்டி தவிர வேறு உடுத்தாத நைனா அரை டவுசரில் சாய்ந்துகொண்டு ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"கப்பல் ஆட்டத்துல தூக்கம் சொக்குதுடா. நீங்க சாப்டீங்களா?"

காத்திருந்தோம். திண்டிவனம் போனாலே, மோட்டார் போட்டியா, மாடு தண்ணி குடிச்சுதா என்று ஓயாமல் போன் போடுகிற மனிதர். கேட்கவே இல்லை. நானே கரும்புப் பேச்சை எடுத்தேன்.

"அது கெடக்குது வுடு" என்று சிரித்தார்.

அம்மாவின் முகம் அப்போதுதான் வெளிறியது.

"அதான் பேசிட்டாரேம்மா, பெருக்கலாம்" என்றேன்.

"பேசுனது யார்னே தெரியலப்பா. உங்க நைனா வந்து சேரட்டும்."

கப்பல் நாளை கரைக்கு வருகிறது. உங்கள் வீட்டில் கப்பலேறிப் போனவர்கள் யாராவது பழையபடி திரும்பினார்களா? சீக்கிரம் சொல்லுங்கள், வீடெல்லாம் மண்.