மேரி பார்த்ததும் நான் மறைத்ததும்

மேரி இறந்த செய்தியைக் கொண்டுவந்தவரை அடிக்கக் கை ஓங்கினேன். கீழ்புத்துப்பட்டில் ஒரு வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டிக்கொண்டிருந்தபோது, அனுமந்தை தாமோதரன் சைக்கிளில் வந்து நின்றார். "சேகரு, நம்ம மேரி பூட்டாப்பா. பாத்தியில நிக்கும்போதே வலிப்பு வந்து குப்புற வுழுந்துட்டா. கணுக்கால் தண்ணிதான். தூக்குறதுக்குள்ள முடிஞ்சிபோச்சி" என்றார். கணுக்கால் தண்ணீரில் யாராவது சாவார்களா என்று கத்திக்கொண்டே அவர் சட்டையைப் பிடித்தேன். பிறகு அவர் தோளில் சாய்ந்தே அழுதேன்.

மரக்காணம் உப்பளத்தில் எங்களோடு நின்ற உங்களுக்கு ஆரோக்கியமேரி யாரென்று நான் சொல்ல வேண்டியதில்லை. எட்டாவது வரை படித்தவள், என்னைவிட ஒரு வயது இளையவள், பல வருஷம் எனக்கு அடுத்த பாத்தியில் உப்பு வாரியவள். கடைசி ஒரு வருஷமாக நீங்கள் அவளைக் காட்டிக்கொடுத்தவள் என்றுதான் கூப்பிட்டீர்கள். அதைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். எனக்கு எழுத்து வராது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவளுடைய இங்கிலீஷ் முழுக்க பஜ்ஜி மடித்த பேப்பரில் வந்தது. எண்ணெயைத் துடைத்துவிட்டு, டீ ஆறும்வரை படிப்பாள். அதிலும் கொலைச் செய்திதான் அவளுக்குப் பிடிக்கும். ஏன் மேரி உனக்கு இந்தப் புத்தி என்று ஒருநாள் கேட்டேன். "கொலையில வார்த்தை ஒளிய முடியாதுப்பா. முன்னால ஒருத்தன் கத்தியோட நிப்பான். பின்னால ஒருத்தன் ஆஸ்பத்திரியில கெடப்பான். நடுவுல தெரியாத வார்த்தை ஒண்ணு நிக்குதே, அது இன்னா செஞ்சிருக்கும்? குத்திட்டான். அவ்ளோதான்" என்றாள். அன்றைக்கு அந்தப் பேப்பரில் அண்ணனைத் தம்பி வெட்டியிருந்தான். அதை எங்களுக்கு வரிவரியாகச் சொல்லிவிட்டுத்தான் பஜ்ஜியைத் தின்றாள்.

கடல் ஊருக்குள் வந்துபோன மறுமாதம் பாத்தியெல்லாம் சேறாகக் கிடந்தது. தினமும் யாராவது ஒரு காகிதத்தோடு வருவார்கள், கூடவே அரிசி வரும். படிக்காமல் கட்டைவிரலை நீட்டுவது எங்களுக்குப் பழகிப்போனது. முதலாளியின் மேனேஜர் வேணுவும் அப்படித்தான் ஒரு இங்கிலீஷ் காகிதத்தோடு வந்தான். நிவாரணம் என்றான். வரிசையில் முதலில் நின்ற மேரி அதை வாங்கினாள். "முதல்ல நாமன்னு இருக்குது. அப்புறம் ஒரு வார்த்தை, எனக்குத் தெரியல. ஆனா நாம ஏற்கெனவே செஞ்சு முடிச்ச மாதிரி எழுதியிருக்கான். அதுக்குப் பின்னால வேலைன்னு இருக்குது. அதுக்கும் பின்னால, இனிமே ஒண்ணும் கேக்க மாட்டோம்னு இருக்குது. வேலைய இன்னா செஞ்சா அப்புறம் ஒண்ணும் கேக்க முடியாது?" என்று எங்களைப் பார்த்தாள். அவளே சொன்னாள்: "வுட்டுட்டோம்னு எழுதியிருக்கான். யாரும் கை வெக்காதீங்க. இருங்க, கீழ இருக்கிறதையும் படிக்கிறேன்."

நான் காத்திருக்கவில்லை. மை டப்பாவை எடுக்க உப்புக் குவியலுக்குப் பின்னால் நின்ற மோட்டார் சைக்கிளுக்கு வேணு போனான். உப்பு வாரும் பலகையோடு பின்னாலேயே போனேன். முதல் அடி வாயில். இரண்டு பல் தெறித்தது. இரண்டாவது அடி காதில். விழுந்தவனை மூன்றாவதாக எங்கே அடித்தேன் என்று தெரியாது, அவன் கத்துவதை நிறுத்திவிட்டான். நாலாவதுக்கு ஓங்கிய கையை மேரி வந்து பிடித்தாள். "நான் பாதிதான் படிச்சேன். நீ முழுசா அடிச்சிட்டியே" என்றாள். அந்த இடத்தில் வேறு யாரும் இல்லை. மேனேஜர் வரப்பில் வழுக்கி விழுந்தான் என்று உங்களிடம் வந்து சொன்னது நான்.

மறுநாள் காலை இரண்டு மோட்டார் சைக்கிளில் முதலாளியின் ஆட்கள் நாலு பேர் சவுக்குக் கட்டையோடு வந்தார்கள். காகிதம் படித்தவள் யார் என்று கேட்டார்கள். மேரி நிமிர்ந்தாள். "எந்தக் கண்ணுல படிச்சடி?" என்று கேட்டுக் கேட்டு அடித்தார்கள். கண்ணில், தாடையில், பின்மண்டையில். பாத்தித் தண்ணீரில் அவளைப் புரட்டியபோது காயத்தில் உப்பு ஏறி அவள் போட்ட கூச்சல் எக்கியார்குப்பம்வரை கேட்டிருக்கும். நான் வாய்க்காலில் குப்புறப் படுத்திருந்தேன். முந்தின நாள் அத்தனை சுறுசுறுப்பாக இருந்த கை எனக்கு அன்று இல்லை. கூச்சல் நின்ற பிறகும் எழுந்திருக்கவில்லை.

மூன்றாம் நாள் வாக்குமூலம் வாங்க ஏட்டு ஆஸ்பத்திரிக்கு வந்தார். வாய் உடைந்த வேணுவுக்கு அதுவரை பேச்சு வரவில்லை. நான் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். மேரியின் காயத்துக்கு டாக்டர் எழுதியது, வேணுவின் காயத்துக்கு எழுதியது, இரண்டு இங்கிலீஷ் தாள்கள் ஏட்டிடம் இருந்தன. திறந்திருந்த ஒரு கண்ணால் மேரி இரண்டையும் வாங்கிப் பார்த்தாள். "அலெஜ்ட்னு ரெண்டுலயும் இருக்குது, எனக்குத் தெரியாத வார்த்தை. என்னை அடிச்சாங்கங்கிறதுக்கு முன்னாலயும் அதான், அவரை அடிச்சாங்கங்கிறதுக்கு முன்னாலயும் அதான். அப்படிச் சொல்றாங்க, நான் பார்க்கலன்னு டாக்டர் எழுதியிருக்காரு, இல்லீங்களா?" ஏட்டு தலையாட்டினார். "அப்ப பார்த்தவங்கதான் சொல்லணும். மேனேஜரை அடிச்சது இவருதாங்க. நான் பார்த்தேன். அதை எழுதிட்டு என்னை அடிச்ச நாலு பேரையும் எழுதுங்க. தலைகாணிக்கு அடியில மேனேஜர் கொண்டாந்த காகிதம் இருக்குது, அதையும் எடுத்துக்கோங்க." அந்த நிமிஷம் அவள் கழுத்தை நெரிக்கலாமா என்று எனக்குத் தோன்றியது. உண்மையாகவே தோன்றியது.

எனக்குப் பதினைந்து நாள் ஜெயில். தன் பக்கத்துத் தப்பையும் ஒளிக்காமல் சொன்னவள் என்பதால் விசாரிக்க வந்த அதிகாரி அவள் கொடுத்த காகிதத்தையும் நம்பினார். முதலாளி இறங்கிவந்தார், வேலை போகாமல் எல்லோரும் பாத்திக்குத் திரும்பினோம். நான் வெளியே வந்து, வேணுவை நான் தொடவே இல்லை, அடி வாங்கிய பயத்தில் மேரி முதலாளி ஆளாகிவிட்டாள் என்றேன். நீங்கள் நம்பினீர்கள். அவள் மேல் சேற்றை வாரி அடித்தீர்கள். ஒரு பெண்கூட அவளோடு நடந்து போகவில்லை. மண்டையில் பட்ட அடியால் வலிப்பு வர ஆரம்பித்தபோது, பொய் சொன்ன வாய் கோணுகிறது என்று சிரித்தீர்கள். சிரித்தவர்களில் நானும் இருந்தேன்.

மழைக்காலத்தில் ஒருநாள் டீக்கடையில் என் முன்னால் வந்து நின்றாள். "ஏம்பா சேகரு, நான் பொய் சொன்னேன்னு நீதான் சொல்றியாமே?" கையிலிருந்த கண்ணாடி டம்ளரை வீசினேன். அவள் முழங்காலுக்குக் கீழே பட்டு உடைந்தது. ரத்தம் செருப்பில் வடிந்தது. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். "அடிக்கிறியே தவிர, மேனேஜரை அடிக்கலன்னு என் எதிர்ல சொல்ல உனக்கு வாய் வரலியே" என்றாள். அதற்குப் பிறகு நாங்கள் பேசவில்லை. அடுத்த மாதம் நான் கீழ்புத்துப்பட்டுக்குப் போய்விட்டேன்.

வேணுவை அடித்தவன் நான். மேரி பார்த்ததைச் சொன்னாள், அதற்கு மேல் ஒரு சொல் சொல்லவில்லை. அவளை அடக்கம் செய்த அன்று உங்கள் எல்லோருக்கும் நடுவில்தான் நின்றேன். அப்போதும் வாயைத் திறக்கவில்லை. அவளிடமிருந்து ஒன்றே ஒன்றை எனக்கென்று எடுத்துக்கொள்கிறேன். காட்டிக்கொடுத்தவள் என்று நீங்கள் அவளுக்கு வைத்த பெயர். இனி தெருவில் என்னைப் பார்த்தால் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். திரும்பிப் பார்ப்பேன்.