இரண்டு அணைகளுக்கு நடுவில்

மொன்றியலுக்குத் தெற்கே, எல்லையைக் கடந்து வருகிற ஓர் ஆறு இருக்கிறது. அதன் பெயரை எழுத எனக்கு விருப்பமில்லை. மேலே அமெரிக்கப் பக்கத்தில் ஓர் அணை, கீழே எங்கள் பக்கத்தில் இன்னோர் அணை. ஒரே தண்ணீரில் இரண்டு நாடுகளும் மின்சாரம் எடுக்கின்றன. மேல் அணை கதவைத் திறப்பதற்கு முன் கீழ் அணைக்குத் தொலைபேசியில் சொல்லும். கீழ் அணை தன்னைத் தயார்செய்துகொள்ளும். அயல்நாடுகள் எப்படி ஒத்துழைக்க வேண்டும் என்பதற்கு அந்தப் பகுதியில் இதைத்தான் உதாரணம் காட்டுவார்களாம். எனக்கோ ஒத்துழைப்பு என்ற சொல் இன்றும் பிடிக்காது.

இலங்கையில் சண்டை நின்றிருந்த ஒரு கோடையில் எங்கள் தேவாலயப் பங்கின் தமிழ்க் குடும்பங்கள் பஸ் பிடித்து அந்த ஆற்றங்கரைக்குப் போனோம். பங்குச் சாமியாருக்குத் தெரிந்த ஒரு விவசாயி தன் சோளக்காணி ஊடாகப் போக விட்டார். கணவருக்கு அன்று வேலை. நானும் பன்னிரண்டு வயது மகளும் போயிருந்தோம்.

கரையிலிருந்து வெகுதூரத்துக்குத் தண்ணீர் இல்லை. உருண்டைக் கற்கள் பாசியோடு காய்ந்துகொண்டிருந்தன. அவற்றுக்கு அப்பால் ஒரு மணல்மேடு, அதற்கும் அப்பால்தான் ஓடுகிற தண்ணீர். சம்மாட்டி அண்ணை இடுப்பில் கையை வைத்துக்கொண்டு பார்த்தார். மன்னாரில் சொந்த வள்ளங்கள் வைத்திருந்தவர். இங்கே பேக்கரியில் வேலை செய்தாலும் எங்களுக்கு அவர் சம்மாட்டிதான்.

"நல்ல வத்து," என்றார். கடல் வற்றி இறங்குவதை அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள்.

"ஆத்தில எங்காலை அண்ணை வத்து?" என்று கேட்டேன்.

"என்ன ரீச்சர், போன மாதம் அன்னம்மாள் கோயிலுக்குப் போனனாங்கள் எல்லே? காலமை கரை முட்ட நிண்ட ஆறு, பின்னேரம் சேறும் கல்லுமாக் கிடந்தது. மறந்துபோட்டியளே?"

மறக்கவில்லை. கியூபெக் நகரத்துக்கு அப்பால் உள்ள அந்தக் கோயிலுக்கு ஒவ்வொரு கோடையிலும் யாத்திரை போவோம். அங்கே ஆறு ஏறி இறங்குவதை எல்லோரும் கண்ணால் பார்த்திருந்தோம். ஆனால் அங்கே கடல் ஆற்றுக்குள் வருகிறது. இந்தச் சிறிய ஆற்றுக்குக் கடலோடு ஒரு தொடர்பும் இல்லை. ஆறே இல்லாத யாழ்ப்பாணத்தில் பிறந்து கணிதம் படிப்பித்தவள் நான். கடலோடு பிறந்தவர் அவர். மேலே அணை இருப்பது தெரியாமல், இந்த நாட்டு ஆறுகள் இப்படித்தான் போலும் என்று எல்லோரும் நம்பினோம்.

வத்து என்றால் மணலில் மட்டிச் சிப்பி பொறுக்க வேண்டும். சம்மாட்டியின் மனைவி பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஒரு வாளியையும் என் மகளையும் கூட்டிக்கொண்டு மணல்மேட்டுக்குப் போனார். "உங்கட பிள்ளை பிரெஞ்சுப் பிள்ளையாப் போச்சு ரீச்சர், மட்டி எண்டா என்னெண்டு காட்டிக்கொண்டு வாறன்," என்றார். நாங்கள் கற்களின் மேல் தார்ப்பாய்ப் படங்கை விரித்துச் சோற்றுப் பானையை இறக்கினோம்.

தண்ணீர் சத்தமில்லாமல் வந்தது. அலை இல்லை, நுரை இல்லை. முதலில் படங்கின் ஓரம் நனைந்தது. யாரோ குளிர்ப்பெட்டி ஒழுகுகிறது என்றார்கள். நான் நிமிர்ந்து பார்த்தபோது எனக்கும் மணல்மேட்டுக்கும் இடையில் கற்களைக் காணவில்லை. மகள் முழங்காலளவு தண்ணீரில் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கத்தவில்லை. பக்கத்தில் நின்ற சம்மாட்டியின் மனைவி அவளைத் தோளோடு இறுக்கிப் பிடித்திருந்தார்.

"இது கடல்வெள்ளம் ஏறுறதில்லை," என்றார் சம்மாட்டி அண்ணை. "ஆரோ மேல தண்ணியைத் துறந்துவிட்டிருக்கிறாங்கள்."

படங்கைச் சுற்றிக் கட்டிக் கொண்டுவந்த கயிற்றை எடுத்து இடுப்பில் சுற்றிக்கொண்டு இறங்கினார். கயிற்றின் மறுமுனையை நான்கு ஆண்கள் பிடித்தார்கள். தண்ணீர் அவருடைய நெஞ்சுவரை வந்தது. முதலில் என் மகளைக் கொண்டுவந்தார், பிறகு மனைவியை. மகளின் உதடு நீலமாக இருந்தது. அவளுடைய கைக்குள் ஒரு மட்டி இருந்தது. அவளால் விரல்களை விரிக்க முடியவில்லை, நான்தான் ஒவ்வொன்றாகப் பிரித்தேன்.

சோற்றுப் பானை கீழ் அணையை நோக்கி மிதந்து போனது. கொஞ்ச நேரத்தில் ஒரு பிக்கப் வண்டி வந்தது. அணையின் இளம் ஊழியர் ஒருவர் இறங்கிப் பிரெஞ்சில் பேசினார். பற்கள் அடித்துக்கொள்ள மகள் மொழிபெயர்த்தாள்: "அம்மா, நாங்கள் இங்கை நிக்கக் கூடாதாம்."

நான் அணை அலுவலகத்துக்கு முறைப்பாடு எழுதினேன். இலையுதிர்காலத்தில் ஆற்றங்கரைச் சிற்றூர் ஒன்றின் மண்டபத்துக்கு எங்களைக் கூப்பிட்டார்கள். சம்மாட்டி அண்ணை தன் வான் வண்டியில் எங்களை ஏற்றிக்கொண்டு போனார். பங்குச் சபைக் காரியதரிசியும் கோட் போட்டுக்கொண்டு வந்தார். மேசையில் இரண்டு சின்னக் கொடிகள், கேக், தேநீர். இரண்டு அணைகளுக்கும் பொதுவான அலுவலகத்து அதிகாரி வெகு மரியாதையாகப் பேசினார். என் பிரெஞ்சு கடைக்குத்தான் போதும் என்பதால் மகள் வரிவரியாக மொழிபெயர்த்தாள். இத்தனை வருடத்தில் இரண்டு நாடுகளுக்கும் இடையே ஒரு தகராறும் வந்ததில்லையாம். அன்றைக்கும் எல்லாம் முறைப்படிதான் நடந்ததாம். மேலே இருந்து அழைப்பு வந்தது, கீழே இருந்து நன்றி சொன்னார்கள், பிறகே கதவு திறந்தது.

அந்த நன்றியைச் சொல்லிக்கொண்டிருந்தபோது என் பிள்ளை மட்டி பொறுக்கிக்கொண்டிருந்தாள். வெட்டித் தந்த கேக்கை நான் தள்ளி வைத்தேன்.

"எங்களுக்கு ஆர் சொல்லுறது எண்டு கேள்," என்றேன் மகளிடம்.

வாகனத் தரிப்பிடத்தில் அறிவித்தல் பலகை இருக்கிறதாம். நாங்கள் சோளக்காணி வழியாக வந்தது எங்கள் துரதிர்ஷ்டமாம். கரையில் ஓர் அபாயச் சங்கு வைத்து ஊதினால் என்ன என்று கேட்டேன். நல்ல யோசனை என்றார். ஆனால் சங்கின் சத்தம் எல்லைக்கு அப்பாலும் கேட்கும், ஆகவே அடுத்த நாடும் சம்மதிக்க வேண்டும், கூட்டுக்குழுவில் பேசுவோம் என்றார். தண்ணீர் எல்லையைத் தாண்டி வரலாம், சத்தம் தாண்டக் கூடாது.

சம்மாட்டி அண்ணை கையை உயர்த்தினார். "பிள்ளை, தண்ணி என்னத்துக்கு அண்டைக்கு அந்த நேரம் வந்தது எண்டு கேளும்."

அன்றைக்குக் கடும் வெயில், எல்லைக்கு அப்பால் ஊர்களில் குளிரூட்டிகள் எல்லாம் ஒரே நேரத்தில் ஓடின, அதனால் மின்சாரம் தேவைப்பட்டது என்றார் அதிகாரி.

"ஏசி போட்டதுக்கோ?" என்று சம்மாட்டி அண்ணை சிரித்தார். சிரித்து முடியவில்லை, முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

காரியதரிசி என் காதருகே குனிந்தார். "விடுங்கோ ரீச்சர். எங்களுக்கு நாடு தந்த சனம். ஒருதருக்கும் ஒண்டும் நடக்கேல்லைத்தானே." பிறகு எழுந்து எல்லோர் சார்பிலும் 'மெர்சி' என்று நன்றி சொன்னார். அதிகாரி அவருடைய கையைக் குலுக்கினார். எதிலே அதிக அருவருப்பு வந்தது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை, அந்தக் கேக்கிலா, அந்தக் கைகுலுக்கலிலா.

போகும்போது அதிகாரி என் மகளுக்கு முன்னால் குனிந்து ஏதோ கேட்டார். "நோன்," என்றாள் அவள். அவர் மகிழ்ச்சியோடு தலையசைத்துவிட்டு அடுத்தவர்களிடம் போனார்.

வண்டியில் ஏறிய பிறகு என்ன கேட்டார் என்று விசாரித்தேன்.

"அண்டைக்குப் பயந்தனீரா எண்டு கேட்டவர்."

"பயந்தனீதானே. பிறகேன் இல்லை எண்டனீ?"

சீட்பெல்டைப் போட்டுக்கொண்டே சொன்னாள்: "ஓம் எண்டா அவர் ஸொறி சொல்லுவார். பேந்து நீங்கள் மெர்சி சொல்லவேணும்."