அவ்வளவு மோசமில்லை

லைல் பிராண்ட்வோல்ட் செய்த தப்பு இதுதான்: ஊன உதவித்தொகைக்காக அரசாங்க டாக்டர் தன் காலைப் பார்க்கப் போகிறார் என்றதும், பட்டாளத்தில் மேஜர் பார்வையிட வரும் நாளுக்குத் தயாராவதுபோலத் தயாரானான். இரண்டு நாள் சோபாவில் படுத்து இடது காலைத் தலையணைகள்மேல் தூக்கி வைத்தான். இறுக்கிப் பிடிக்கும் நீளக் காலுறையைக் கழற்றவே இல்லை. மூன்றாம் நாள் காலை ஒன்பது மணிக்கு, சவரம் செய்து, பூட்ஸைத் துடைத்துப் போட்டுக்கொண்டு போய், பெண் பார்க்க வந்தவர்களுக்குக் காட்டுவதுபோல அந்தக் காலை நீட்டினான். வீக்கம் பெயருக்குக்கூட இல்லை.

“கால் எப்படி இருக்கு?” என்றார் டாக்டர்.

“அவ்வளவு மோசமில்ல.”

டாக்டர் ஃப்ளோரிடாக்காரர். வடக்கு டக்கோட்டாவில் அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று அவருக்கு எப்படித் தெரியும்? இங்கே ஆலங்கட்டி மழை கோதுமையை அடித்துப் போட்டாலும் அவ்வளவு மோசமில்லைதான். மனைவி பெட்டியோடு கிளம்பிப் போன மறுநாள், தானியக் கிடங்கில் விசாரித்தவர்களுக்கும் லைல் இதையேதான் சொன்னான். டாக்டர் அதை வார்த்தை மாறாமல் எழுதிக்கொண்டார்.

இரண்டு மாதம் கழித்து முடிவு வந்தது. ஊனம் பத்து சதவீதம். ஈராக்கில் சாலையோரக் குண்டு வெடித்து, தொடையில் இரும்புத் துண்டு பாய்ந்து, ரத்தக்குழாய் கிழிந்து இருபது வருஷமாகிறது. அன்றிலிருந்து காலுக்குள் இறங்கும் ரத்தம் ஒழுங்காக மேலே ஏறுவதில்லை. அத்தனை வருஷம் லைல் இழுத்துக்கொண்டு நடந்த காலை ஒருவரும் நம்பவில்லை.

கடிதத்தை எடுத்துக்கொண்டு மாவட்ட முன்னாள் ராணுவத்தினர் அலுவலகத்துக்குப் போனான். அங்கிருந்த ரெனாட்டா அதைப் படித்துவிட்டு நெற்றியில் கை வைத்தாள்.

“தூக்கி வெச்சா வீக்கம் வடியுதுன்னா பத்து. தூக்கி வெச்சும் முழுசா வடியலைன்னா இருபது. அதோட கணுக்கால் தோலும் கருத்திருந்தா நாப்பது. உங்க தோல் கருத்திருக்குன்னு டாக்டரே எழுதியிருக்காரு. வீக்கம் எங்கன்னுதான் கேக்குறாங்க. நீங்கதான் அதைப் படுத்துப் படுத்து வடிய வெச்சுட்டுப் போயிருக்கீங்களே.”

“அழுக்குக் காலோட போகச் சொல்றீங்களா?”

“வேலை முடிஞ்ச காலோட போயிருக்கணும், லைல். சரி, விடுங்க. மறுபடியும் கேக்கலாம், புது ஆதாரம் வேணும். சாயங்காலத்துல உங்க காலைத் தினமும் பாக்குறவங்க யாராவது ஒரு கடிதம் எழுதித் தரட்டும்.”

லைல் யோசித்தான். அப்படி ஒருவர் பெயரும் வரவில்லை.

“எதிர் வீடுன்னு ஒண்ணு இருக்குமே?” என்றாள் ரெனாட்டா.

எதிர் வீட்டில் ஆர்லிஸ் இருந்தாள், பள்ளி பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவள். பதினோரு வருஷமாக இருவருக்கும் உள்ள உறவு, வண்டி ஓட்டும்போது ஸ்டீயரிங்கிலிருந்து வணக்கத்துக்கு ஒரு விரலைத் தூக்குவது மட்டும். அன்று மாலை லைல் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு அவள் வாசலில் நின்றான்.

“படியேறி வந்திருக்கியே, என் வீட்டுல தீ கீ பிடிச்சிருக்கா?”

“இல்லம்மா. அரசாங்கத்துக்கு ஒரு கடிதம் வேணும். உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது, ஆனா என் கால்…”

“இடது கால்” என்றாள் ஆர்லிஸ். “எழுதித் தரேன். வெள்ளிக்கிழமை வா.”

வெள்ளிக்கிழமை ஒட்டிய உறையைக் கொடுத்தாள். ரெனாட்டாவின் மேசையில்தான் அதைப் பிரித்தார்கள்.

‘காலையில் இரண்டு பூட்ஸோடு போகிறவன், ஐந்தரைக்கு இடது பூட்ஸைக் கையில் பிடித்துக்கொண்டு படியேறுவான். அந்தக் கால் மற்றதைவிட ஒன்றரை மடங்கு இருக்கும். இருட்டும்வரை நாற்காலியில் தூக்கி வைத்திருப்பான். அப்புறமும் பூட்ஸ் ஏறாது. குப்பைத் தொட்டியை உருட்டிக்கொண்டு பனியிலும் வெறும் காலுறையோடுதான் வருவான். என் சமையலறை ஜன்னல் வழியாகப் பதினோரு வருஷமாகப் பார்க்கிறேன். இத்தனை வருஷத்தில் அவன் கதவை யாரும் தட்டியதில்லை. நானும் தட்டவில்லை.’

ரெனாட்டா கடிதத்தின் அடியில் விரலை வைத்தாள். “கடைசி ரெண்டு வரி காலைப் பத்தினது இல்ல. வேண்டாம்னா, அதை விட்டுட்டு வேற எழுதித் தரச் சொல்லலாம்.”

லைல் அந்த இரண்டு வரியை மறுபடியும் படித்தான். தன்னை ஒருவரும் பார்ப்பதில்லை என்று எண்ணித்தான் இத்தனை மாலைகளும் உட்கார்ந்திருந்தான்.

“இருக்கட்டும். அவங்க பாத்ததுதானே.”

“நீங்க எப்படி இருக்கீங்க, லைல்?”

வழக்கமான பதில் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அவன் தொப்பியை மடியில் ஒருமுறை திருப்பினான்.

“மோசம்தான்” என்றான்.

ரெனாட்டா அதை எழுதிக்கொள்ளவில்லை. எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு, அவன் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள்.